பொறி வைக்காத வருடம்

கோட்டைக் கழற்றி அந்தக் கதிரையில் போடும், பிள்ளை. சப்பாத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தீர், நல்ல வளர்ப்பு. உம்முடைய பஸ் நாலு மணிக்கு, இப்போது ஒன்றரைதான். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த பிள்ளைக்கு முதலில் தேத்தண்ணி, பிறகுதான் எலி. மனைவி சுகிர்தா வேலைக்குப் போய்விட்டாள். மகள் ஆரபி பள்ளிக்கூடத்தில். வடை நேற்றையது, சூடாக்கினால் சாப்பிடலாம்.

அந்த லப்டொப்பை மூடவேண்டாம். படத்தை இன்னொருதரம் காட்டும். இருபத்திரண்டு வருடத்து எலிகள் ஒரே கோட்டில், என்ன? ஏறுகிறது, விழுகிறது, ஏறுகிறது, விழுகிறது. இந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. கோயில் கோபுரத்துக் கலசம் மாதிரி. இதில்தான் உம்முடைய ஆய்வே நிற்கிறது என்றீர். அதை எண்ணியவர் ஒரு தமிழர் என்று தெரிந்ததும் ஒஸ்லோவில் உம்முடைய அம்மாவுக்குக்கூடப் பெருமையாக இருந்தது என்றீர். முன்பக்கத்தில் நன்றி என்று என் பெயரை முழுதாகப் போடப்போவதாகச் சொன்னீர்.

போடவேண்டாம், பிள்ளை. ஏன் என்று கேட்காதீர்.

இல்லை, கேளும். கேட்கத்தானே வந்தீர்.

நான் இங்கே வந்தபோது எல்லாரையும் போல மீன் பக்டரியில்தான் நின்றேன். கடற்கரைப் பட்டினம், ஐஸ் தண்ணீர், கத்தி, ஒரு நாளைக்கு ஆயிரம் மீன். ஏழு வருடத்தில் வலது தோள் போய்விட்டது. வேலை தேடித் தருகிற கந்தோர்ப் பெண், ‘வெளியிலை நடக்கிற வேலை செய்வியோ’ என்று கேட்டாள். ஆற்றங்கரையில் ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது, வருடத்தில் இரண்டு தரம் எலிப்பொறி வைத்து எண்ணவேண்டும், மற்ற நாட்களில் வேலியும் படகும் பார்க்கவேண்டும் என்றாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் எலி பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், இங்கே சம்பளமும் விடுமுறையும் கொடுக்கிறார்கள்.

எங்கள் சனம் விடுமா? பொங்கல் விழாவுக்குப் போனால் போதும், ‘என்ன குலேந்திரன், எலியளின்ரை சனத்தொகை எடுத்து முடிஞ்சுதோ? வாக்காளர் அட்டை குடுத்தாச்சோ?’ என்பார்கள். எலிக் குலேந்திரன் என்றால்தான் ஆளைத் தெரியும். நான் கோபிப்பதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, பிள்ளை. பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீர் படித்த பிள்ளை, உமக்கு நான் லெமிங் என்கிற இந்த மலை எலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீர் அதைக் கோட்டில்தான் பார்த்திருக்கிறீர். ஒரு சாண்கூட இல்லாத உடம்பு, மஞ்சளும் கறுப்புமாக உடுப்பு, வால் இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகம். ஆனால் வாய் இருக்கிறதே. மற்ற எலி மனிதரைக் கண்டால் ஓடும். இது ஓடாது. பின்காலில் எழும்பி நின்று, உம்முடைய சப்பாத்தைப் பார்த்துச் சண்டைக்கு வரும். எலி நிறைந்த வருடத்தில் மலைக்கு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று ஏசும். சந்தைக்குள் நடப்பது போல இருக்கும். அந்த வருடம் பருந்து ஐந்து முட்டை இடும். எங்கிருந்தோ வெள்ளை ஆந்தை வந்து இறங்கும். பனிநரி ஒரு வளையில் பத்துக் குட்டி போடும். அடுத்த வருடம் எலி இல்லை. பருந்தும் இல்லை, ஆந்தையும் இல்லை. நரி தன் வாசலில் சும்மா படுத்திருக்கும். அந்த மலையில் யார் பிள்ளை பெறுவது, யார் பெறாமல் விடுவது என்பதை எலிதான் தீர்மானிக்கிறது. எலியை வானம் தீர்மானிக்கிறது. நடுவில் நான் ஒரு எழுதுகிற ஆள்.

பொறி இருநூறு. மரப்பலகையில் கம்பிச் சுருள், அடித்தால் கழுத்து முறியும். உள்ளே முந்திரிகை வத்தலும் ஓட்ஸும் வைப்போம். பூட்டிவிட்டு வந்தால் மறுநாள் காலை எடுக்கவேண்டும், திரும்பப் பூட்டவேண்டும், அதற்கடுத்த நாளும் எடுக்கவேண்டும். எத்தனை, என்ன இனம் என்று கொப்பியில் எழுதி, உடலைக் குழியில் போட்டு மூடுவோம். இப்போது ஒவ்வொன்றையும் பையில் கட்டிப் பிரீசரில் வைத்து அனுப்புகிறார்களாம். அப்போது அந்த வழக்கம் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையும் இருந்திராது.

தேத்தண்ணி ஆறுகிறது, குடியும்.

சுகிர்தாவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று சரியாகத் தெரியாது. எண்ணுகிற வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். பொய் இல்லைத்தானே? கலியாணம் முடித்து அவள் இங்கே வந்து நாலு வருடம். அதற்குள் இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டன. ஆஸ்பத்திரியில், ‘இப்பிடி நடக்கிறதுதான், உங்களிலை ஒரு குறையும் இல்லை’ என்றார்கள். குறை இல்லை என்று சொன்னால் ஒருத்தி நம்புவாளா? குறை எங்கே என்று தேடிக்கொண்டேயிருந்தாள்.

மூன்றாவது தரம் தங்கியது ஜூலையில். ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள் என் வேலை ஜக்கெட்டைத் தோய்க்க எடுத்தவள், பொக்கற்றுக்குள் கையை விட்டாள். ஒரு வால். வசந்தகாலத்தில் பிடித்த வயல் எலியின் வால், காய்ந்து நூல் மாதிரி. எப்படி அங்கே வந்தது என்று எனக்கே தெரியாது. அதை ஒரு தாளில் வைத்து மேசையில் கொண்டுவந்து வைத்தாள். இந்த மேசைதான். நீர் கை வைத்திருக்கிற இடம்.

‘இது என்ன?’ என்றாள். சொன்னேன். ‘எத்தினை?’ என்றாள். அதையும் சொன்னேன். எனக்குக் கணக்கு வாயில் வந்துவிடும், பிள்ளை, அதுதான் என் பிழை. வசந்தத்தில் அறுபத்தொன்று என்றேன். அவள் விரல் மடித்து மாதம் பார்த்தாள். முதல் தரம் போனது செப்டெம்பர். இரண்டாம் தரம் போனது ஜூன். இரண்டும் நான் பொறி வைத்துவிட்டு வந்த கிழமைகள்.

‘அந்த ரெண்டும் ஏன் போனதெண்டு இப்ப விளங்குது,’ என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு ஊருக்கு, நெல்லியடியில் தாய்க்கு அழைப்பு. மாமி தொலைபேசியில் என்னையும் கேட்டா. ‘தம்பி, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை ஆம்பிளை ஒரு பூச்சி புழுவையும் கொல்லக்கூடாது. பாம்பைக்கூட அடியாமல் விடுறது. நீங்கள் பிள்ளையாற்றை வாகனத்தையெல்லோ கழுத்து முறிச்சுக்கொண்டு திரியிறியள்.’  இது விஞ்ஞானம் மாமி என்று சொல்வதா? அந்தத் தாளில் கிடந்த வால் எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது.

பெரித்திடம் சொல்லியிருக்கலாம். அவதான் நிலையத்துக்குப் பொறுப்பு, நல்ல மனிசி, நீர் பெயர் கேள்விப்பட்டிருப்பீர். என் மனைவி கர்ப்பம், அதனால் இந்த வருடம் என்னால் எலி பிடிக்கமுடியாது என்று நோர்வேஜியனில் சொல்லிப்பார்த்தேன், வீட்டில், கண்ணாடிக்கு முன்னால். சொல்ல வெட்கமாக இருந்தது. எட்டு வருடமாக, ‘குலேயின்ரை எண்ணிக்கையிலை பிழையே வராது’ என்று வருகிற விருந்தினருக்கெல்லாம் சொல்லுகிறவ. அவவுடைய கண்ணில் நான் காட்டான் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன்.

அதனால் வழமைபோல செப்டெம்பர் இரண்டாம் கிழமை பொறி மூட்டையோடு படகில் ஏறினேன்.

படகு ஓட்டியவர் மாத்தே. அவர் சாமி. நம்முடைய சாமி இல்லை, பிள்ளை, இந்த மண்ணின் பழைய குடிகள். நீர் ஒஸ்லோவில் படித்திருப்பீர். பனிமான் வளர்க்கிற குடும்பம். நிலையத்தில் அவருக்குப் பகுதிநேர வேலை: படகு, பனி ஸ்கூட்டர், குளிர்காலத்தில் மலைமேல் நரி வளைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பெட்டிகளில் தீனி நிரப்புவது. பனிநரி அழிந்துபோகிற நிலையில் இருந்தது. எலி இல்லாத குளிர்காலத்தில் அந்தப் பெட்டிதான் அதற்குச் சோறு. அங்கே ஒரு சோடி இருந்தது, அந்தக் கோடையில் ஏழு குட்டி.

ஆற்றின் நடுவில் மாத்தே இயந்திரத்தை நிறுத்தினார். கேள் என்றார். எனக்குத் தண்ணீர்தான் கேட்டது. ‘அதுதான். வேறை ஒண்டும் கேக்கேல்லை,’ என்றார். ‘பருந்து ரெண்டு கிழமைக்கு முதலே போயிட்டுது. குலே, எலி முடிஞ்சுது.’

‘வசந்தத்திலை அறுபத்தொண்டு,’ என்றேன் நான்.

‘வசந்தத்திலை,’ என்றார்.

அக்கரையில் என்னை இறக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்து ஏற்றுவார். நான் மூட்டையைக் குடிசைக்குள் வைத்தேன். கட்டை அவிழ்க்கவில்லை.

அந்த முறை நான் ஒரு உயிரையும் கொல்லவில்லை, பிள்ளை. அதை நீர் நம்பவேண்டும்.

மூன்று நாளும் என்ன செய்தேன் என்று கேட்பீர். முதல் நாள் விறகு கொத்தினேன். இரண்டாம் நாள் பொறிக்கென்று தந்த முந்திரிகை வத்தலைப் பார்த்தேன், இரண்டு கிலோ. வீணாகப் போகும். அரிசியும் சீனியும் கையில் இருந்தன. புக்கை பொங்கினேன். புக்கை தெரியுமோ? உம்முடைய அம்மா பொங்கல் என்று சொல்லுவா போல. ஆற்றங்கல் ஒன்றை எடுத்துப் பிள்ளையார் என்று நிறுத்தி, படைத்து, ‘அப்பனே, இந்தமுறை தங்கவேணும்’ என்று கும்பிட்டேன். மிச்சத்தைக் குடிசைக்கு வெளியே நாலு இடத்தில் எலிக்கென்று வைத்தேன். கொல்ல வைக்கிற தீனியை இந்தமுறை தின்ன வைக்கிறோமே என்று மனதுக்கு ஆறுதல்.

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தேன். நாலு இடத்திலும் புக்கை வைத்தபடியே இருந்தது. மேலே உறைபனி. ஒரு பல் அடையாளம் இல்லை.

அதை நான் பார்த்தேன். குடிசையிலிருந்து மலை அடிவாரம்வரை நடந்தும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் என்னை ஏசியது. ஒன்று. மாத்தே சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும்.

பிறகு கொப்பியை எடுத்தேன்.

குறைத்து எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வசந்தத்தில் அறுபத்தொன்று இருந்து இலையுதிரில் இரண்டு, மூன்று என்றால், விதிப்படி ஒக்டோபரில் திரும்பவும் வைக்கவேண்டும். பெரித் தானே கூட வருவா. கூட்டி எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். எல்லாரும் அதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்? நாலு வருடத்துக்கு முந்தின நல்ல வருடத்தின் பக்கத்தைப் புரட்டினேன். எண்பத்தெட்டு. அதே எண்ணை எழுத மனம் வரவில்லை. மூன்றைக் கூட்டினேன். தொண்ணூற்றொன்று. எந்தப் பொறியில் எது என்று இரண்டு நாளுக்கும் பிரித்துப் புள்ளி குத்தினேன். லெமிங் எழுபத்துநாலு, மற்றவை பதினேழு. பேனை நன்றாக எழுதியது.

இந்தச் சிவப்புப் புள்ளி அதுதான், பிள்ளை.

என்னைப் பார்க்காதீர். தேத்தண்ணியைப் பாரும், அல்லது யன்னலைப் பாரும். நான் சொல்லி முடிக்கிறேன்.

மாத்தே வந்து ஏற்றினார். எத்தனை என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், படகுக் கயிற்றை அவிழ்த்தார். 

ஒக்டோபரில் கூட்டம். தெற்கிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நரிப் பெட்டிக்கு இந்தக் குளிர்காலம் தீனி வேண்டுமா என்பதுதான் பேச்சு. எலி நிறைந்த வருடத்தில் பெட்டி நிரப்புவதில்லை, நரி தன் வேட்டையை மறந்துவிடும் என்று ஒரு கொள்கை. மாத்தே கையை உயர்த்தினார். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. ‘மலையிலை எலி இல்லை,’ என்றார். ‘என்ரை நாய் ஒரு மாசமா ஒண்டையும் கிண்டி எடுக்கேல்லை.’

பெரித் சிரித்த முகத்தோடுதான் சொன்னா. ‘மாத்தே, குலே இருநூறு பொறியிலை தொண்ணூற்றொண்டு பிடிச்சிருக்கிறார். உங்கடை நாய்க்கு வயசாகிப்போச்சோ தெரியேல்லை.’ எல்லாரும் சிரித்தார்கள். பகிடிதான், பிள்ளை, கெட்ட சிரிப்பில்லை. நானும் சிரித்தேன் போல. மாத்தேயும் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘அப்பிடியெண்டால் நான்தான் பிழையாப் பாத்திருக்கிறன்,’ என்றார்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். சுகிர்தாவுக்கு மூன்றாம் மாதம் தாண்டி ஆறு நாள் ஆகியிருந்தது. முதல் இரண்டு தரமும் வராத ஆறு நாள். என் தலைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி நிரப்பவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

பிறகு ஜனவரி மழை. உம்முடைய ஆய்வில் அந்த மழைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, கண்டேன். மூன்று நாள் விடாமல் பெய்தது. ஜனவரியில் இங்கே மழை பெய்யக்கூடாது. பனிக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும், அதுதான் எலிகளின் தெரு, வீடு, பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி எல்லாம். மழைத்தண்ணீர் பனிக்குள் இறங்கி அந்தத் தெருவை நிரப்பி, பிறகு உறைந்தால் முடிந்தது. பாசி கண்ணாடிக்குள். எலி கண்ணாடிக்குள். மேலே நரி கிண்டினால் நகம்தான் போகும்.

அந்த மழையில் நான் என்ன செய்தேன் தெரியுமோ? சந்தோசப்பட்டேன். இந்தப் பட்டினத்துத் தமிழர் எல்லாருமே சந்தோசப்பட்டோம். கூரையில் சட சட என்று சத்தம், ஊர் மாரி மாதிரி. சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னலைத் திறந்து கையை நீட்டினாள். ‘மண் மணக்குதோ எண்டு பாருங்கோ’ என்றாள். மண் எங்கே மணக்கும், மூன்று அடி பனிக்குக் கீழே கிடக்கிறது. நான் வெளியே போய் நனைந்துகொண்டு நின்றேன். நாலாம் நாள் குளிர் சைபருக்குக் கீழே இருபத்தெட்டுக்குப் போனது.

மார்ச் கடைசியில் மாத்தே பனிமான் தேடிப் போனவர், நரி வளைப் பக்கம் போயிருக்கிறார். மாலை நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாக்கு. வாசலில் வைத்துப் பிரித்தார். பெண் நரி, காதில் நீலத் தோடு மாதிரி அடையாளத் தகடு. தூக்கிப் பார்த்தேன், பிள்ளை. ஈரமில்லாத துவாயைத் தூக்குவது போல இருந்தது. பெட்டிக்கு முன்னால் கிடந்ததாம். தீனி வருகிற குழாய் வாய் முழுக்கப் பல் அடையாளமாம். குட்டிகளின் தடம் ஒன்றும் இல்லையாம்.

‘பெட்டிக்குத்தான் வந்திருக்கு,’ என்றார் மாத்தே. ‘போன வருசம் இருந்தது, இந்த வருசமும் இருக்கும் எண்டு நம்பி வந்திருக்கு. நான் ரெண்டு மூட்டை தீனி கொண்டுபோய் ஒருத்தருக்கும் சொல்லாமல் கொட்டியிருக்கலாம். ஸ்கூட்டரிலை மூட்டையைக் கட்டினதும் உண்மை. பிறகு உன்ரை எண்ணை நினைச்சு அவிட்டுப்போட்டன்.’

என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை அவர். தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள என்னிடம் வந்தார். அதுதான். உள்ளேயிருந்து சுகிர்தா, ‘ஆரப்பா வாசலிலை?’ என்று கேட்டாள். ஒன்பதாம் மாதம். நான் சாக்கை மூடினேன்.

ஏப்ரல் ஏழாம் திகதி ஆரபி பிறந்தாள். மூன்று கிலோ நூறு. துடக்குக் கழிந்த கிழமை மாத்தே மனைவியோடு வந்தார். தொட்டிலில் கட்டச் சொல்லி ஒரு வெள்ளி உருண்டை தந்தார், உள்ளே கிலுகிலு என்று சத்தம் வரும். அவர்களுடைய வழக்கம், குழந்தையைக் கெட்டது அண்டாமல் பார்க்குமாம். ‘இந்த வருசம் இந்த ஆத்துப் பக்கம் தப்பின குட்டி இது ஒண்டுதான்,’ என்று சொல்லித் தொட்டிலை ஆட்டினார். நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அதோ, அந்த அலுமாரியில் தொங்குகிறதே, அதுதான். ஆரபிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்னமும் அதைக் கழற்றவிடமாட்டாள்.

அந்த ஜூனிலும் இலையுதிரிலும் நான் திரும்பவும் பொறி வைத்தேன். உண்மையாக வைத்தேன். இருநூறுக்கும் ஒன்றுகூட இல்லை. அறிக்கை எழுதினார்கள்: எலி எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஒரு குளிர்கால மழை போதும், ஒரே வருடத்தில் எல்லாம் போய்விடும். அதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமோ? பார், நான் உண்மையை எழுதியிருந்தாலும் மழை வந்திருக்கும், எல்லாம் செத்திருக்கும். வருடக்கணக்காக அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொள்கிறேன். நீரும் அதையேதான் எழுதியிருக்கிறீர், இதோ, முதல் பக்கத்தில்.

என்ன?

ஓம்.

ஓம், அந்த வசனம் இந்தப் புள்ளியிலிருந்துதான் வந்தது. நான் போட்ட புள்ளி. நீர் இப்போது சொல்லும்வரை நான் அதை அப்படி வைத்துப் பார்க்கவில்லை, பிள்ளை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அப்படியென்றால் மழை கொன்றதோ, மழைக்கு முதலே முடிந்திருந்ததோ, அதுகூட யாருக்கும் தெரியாது. பெட்டியில் தீனி இருந்திருந்தால் அந்த ஏழு குட்டியில் எத்தனை இருந்திருக்கும் என்பதும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஆள் நான் ஒருவன், நான் புக்கை பொங்கிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒப்படைக்கவேண்டும் என்றீர். இந்தப் புள்ளி இல்லாமல் நிற்குமா? ... நிற்காது. சரி. இரண்டு வருட வேலை. உமக்கும் செய்துவிட்டேன்.

பொறும், ஒரு சாமான் இருக்கிறது. சாமித்தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எண்களை நிலையத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, ஆற்றில் விழுந்துவிட்டது என்று பெரித்திடம் சொன்ன கொப்பி. பிரட்டிப் பாரும். ஒவ்வொரு பக்கத்திலும் மழைத்துளி, சேறு, பழுப்பாக இருப்பது இரத்தம். இந்தப் பக்கத்துக்கு வாரும். வெள்ளை வெளேர் என்று. எழுத்துக்கூட அழகு. இந்தக் கொப்பியைப் பார்த்திருந்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் கண்டுபிடித்திருக்கும். கொண்டுபோம். உம்முடைய பேராசிரியரிடம் காட்டும். கையெழுத்து வைத்துத் தருகிறேன். அந்த வருடத்துக்குச் சைபர் போடவேண்டாம், பிள்ளை, சைபர் என்றால் பார்த்தும் இல்லை என்று அர்த்தம். வெறுமையாக விடும்.

நிலையத்தில் என்ன நினைப்பார்களோ நினைக்கட்டும். நான் இப்போது பள்ளிக்கூடத்தில் கதவு பூட்டுக் கவனிக்கிற ஆள், என்னை என்ன செய்வார்கள்? பெரித் ஓய்வுபெற்றுத் தெற்கே போய்விட்டா. சுகிர்தாவுக்கு நானே சொல்கிறேன், இன்றைக்கே, நீர் போன பிறகு. அவ்வளவுதான். வேறு ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

மாத்தேக்கா? அவருக்கு ஏன்? பன்னிரண்டு வருடமாகிவிட்டது. அவர் மறந்திருப்பார். அடுத்த வருடமே நிலைய வேலையை விட்டுவிட்டார், பனிமான் வேலை கூடிப்போச்சு என்றார். வருடத்துக்கு ஒருதரம் ஆரபிக்குப் பரிசு அனுப்புவார். சந்தோசமாக இருக்கிற மனுசன். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை, பிள்ளை. நரியின் விசயம் இது.

நேற்றா? நேற்று நீர் மாத்தேயிடம் போனீரா?

என்ன சொன்னார்?

திரும்பச் சொல்லும். மெதுவாக.

‘எனக்கு மலையைப் பார்க்கத் தெரியாது. ஒரு வருடம் பிழையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு மகன்மாரிடம் விட்டுவிட்டேன், அவர்கள் போனில் வானிலை பார்த்துத்தான் பனிமானைக் கொண்டுபோகிறார்கள்.’ அப்படியா சொன்னார்? மகன்மாரிடம் விட்டுவிட்டாரா? எனக்கு அவர் அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம், ஒருதரமும் சொல்லவில்லை. நீரும் அதை எழுதிவைத்திருக்கிறீர். உள்ளூர்க்காரரின் கண் பிழைக்கும் என்பதற்கு உதாரணமாக. எந்தப் பக்கம்? காட்டவேண்டாம்.

நான் நரியை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிள்ளை.

இல்லை, கடிதம் எழுதுகிறேன். நோர்வேஜியனில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஆறுதலாக ஒரு கடிதம். நாளைக்கு. இந்தக் கிழமைக்குள். போனை ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்? இரண்டே முக்கால், இந்த நேரம் அவர் வீட்டில் இருக்கமாட்டார். இருப்பாரோ? இப்போது மகன்மார்தானே போகிறார்கள். இருப்பார்.

சரி. நீர் எழும்பவேண்டாம், இரும். அந்தக் கதிரையிலேயே இரும்.

ரிங் போகிறது.

... மாத்தே. நான், குலே. ... ஓம். ... ஆரபி எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார், பிள்ளை. எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பார். ... நல்லா இருக்கிறாள், மாத்தே. வளர்ந்திட்டாள். உருண்டை அலுமாரியிலை தொங்குது. ... மாத்தே, அந்த வருசம், நரி செத்த வருசம். நீ ஆத்துக்கு நடுவிலை படகை நிப்பாட்டி ஒண்டு சொன்னாய். நான் பொறி வைக்கேல்லை, மாத்தே. ஒண்டும் வைக்கேல்லை. மூட்டையை அவிட்டதே இல்லை. தொண்ணூற்றொண்டு நான் குடிசைக்குள்ளை இருந்து எழுதினது.

...

 பின்னால் நாய் குரைக்கிறது. மூச்சு விடுவது கேட்கிறது.

...

‘அப்ப எலி இருக்கேல்லை’ என்கிறார்.

இருக்கேல்லை, மாத்தே.

‘அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கிறன்’ என்கிறார்.

 போனை இன்னும் வைக்கவில்லை, பிள்ளை.